ஒரு பெயர், இரு நகர்: இலாகூர் அறநிலையங்களும் பிரிவினையும்

இலாகூரில் சர் கங்காராம் மருத்துவமனை என்று ஒன்று உண்டு. தில்லியிலும் சர் கங்காராம் மருத்துவமனை என்று ஒன்று உண்டு. முன்னது 1921-இல் ஏழையர்க்கு விலையின்றி மருந்து வழங்கும் சிறு நிலையமாகத் தோன்றியது. பின்னதற்கு 1951-இல் சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் அது திறக்கப்பெற்றது. இரண்டிற்கும் இடையே கிடப்பது ஒரு நாட்டெல்லை. தில்லியில் அப்பெயர் வழங்குதற்குக் காரணம் தேட வேண்டுவதில்லை. ஊரை இழந்து வந்தவர்கள் தங்கள் ஊரின் பெயர்களையும் உடன் கொணர்தல் இயல்பு. வியப்புக்குரியது இலாகூர் மருத்துவமனையே. கங்காராமின் சமயத்தார் அந்நகரை விட்டு ஏறத்தாழ முற்றும் நீங்கிய பின்னும், சாலைகளும் குடியிருப்புகளும் புதுப்பெயர் சூட்டப்பெற்ற பின்னும், அம்மருத்துவமனை தன்னை நிறுவியவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது.

அறம் செய்தவரின் இனத்தார் ஊரை விட்டகன்ற பின்னர், அவ்வறம் யாருடையது? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். பஞ்சாபியர் என்று நாம் கூறுமிடத்து இந்துக்கள், சீக்கியர், முசுலிம்கள் ஆகிய முத்திறத்தாரையும் கருதுகின்றோம். 1941-இல் இலாகூர் நகர மக்களுள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் இந்துக்களும் சீக்கியருமாக இருந்தனர் என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அந்நகரின் அறங்கள் அம்மூவரும் ஒருவரோடொருவர் போட்டியிட்டும், ஒருவரை ஒருவர் பின்பற்றியும் செய்தவை.

பஞ்சாபியரின் அறமரபு ஆங்கிலேயர் காலத்தில் தோன்றியதன்று. சீக்கியர்தம் வழிபாட்டிடம் முற்காலத்தில் 'தரம்சால்' எனவே வழங்கிற்று. வழிபாடும் வழிப்போக்கர்க்கு உணவும் ஓரிடத்தில் அமைந்தமையை அச்சொல்லே காட்டும். வருவாயில் பத்தில் ஒரு பங்கைப் பொதுநலத்திற்கு ஒதுக்கும் 'தஸ்வந்த்' என்னும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. எல்லார்க்கும் ஒரே வரிசையில் உணவிடும் 'லங்கர்' சீக்கியர்க்கே உரியது என்று பலரும் எண்ணுவர். அச்சொல் சூபியரின் மடங்களிலும் வழங்கியது. பதினோராம் நூற்றாண்டினரான அலி உசுவிரியின் அடக்கத்தலம் இலாகூரில் உள்ளது. 'தாதா தர்பார்' எனப்படும் அங்கும் நாள்தோறும் லங்கர் நடைபெறுகின்றது. ஒரு சொல் இரு சமயங்களின் அடுக்களையிலும் புழங்கியது என்பதை மொழிநூலார் கருத்திற் கொள்வார்களாக.

1849-இல் பஞ்சாபு ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டது. அதன் பின்னர் அறத்தின் வடிவம் மாறிற்று. கிணறும் சத்திரமும் கட்டுதலோடு கல்லூரி, மருத்துவமனை, நூலகம், நாளிதழ் முதலியனவும் அறம் எனக் கருதப்பட்டன. அவற்றை நடத்தச் சங்கங்களும் அறக்கட்டளைகளும் சட்டப்படி அமைந்தன. எனினும் இவற்றின் அடியில் ஓடிய ஊற்று பழையதே. 1884-இல் இலாகூரில் தோன்றிய அஞ்சுமனே இமாயத்தே இசுலாம் என்னும் சங்கம் தன் பள்ளிகட்குப் பொருள் திரட்டிய முறை அறியத்தக்கது. சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி மாவை இல்லத்தரசியர் தனியே எடுத்து வைப்பர். சங்கத்தார் வந்து அதனைத் திரட்டிச் சென்று விற்பர். ஆரிய சமாசத்தாரும் தயானந்த ஆங்கில வேதக் கல்லூரிக்காக இவ்வாறே மாவு திரட்டினர். சமய வாதங்களில் எதிரெதிர் நின்ற இரு கூட்டத்தாரும் மாவுப் பானையின் அருகே ஒன்றுபட்டுள்ளனர். நம் நாட்டுப் பிடியரிசியை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டா.

பலர் பிடி மாவால் வளர்ந்த நிலையங்கள் ஒருபுறம். தனி ஒருவரின் பெருஞ்செல்வத்தால் எழுந்தவை மற்றொரு புறம். பின்னவற்றுள் காலத்தால் முற்பட்டது சர்தார் தயாள் சிங் மசீத்தியாவின் அறம்.

தயாள் சிங்கின் தந்தையார் இலகினா சிங், இரஞ்சித் சிங்கின் அவையில் விளங்கிய பெருந்தலைவருள் ஒருவர். பொறிக்கலையிலும் வானநூலிலும் வல்லவர் எனப் புகழ்பெற்றவர். அரசியற் குழப்பம் மிக்க காலத்தில் அவர் காசிக்குச் சென்று தங்கினார். தயாள் சிங் பிறந்ததும் ஆங்கேயாம். இவர் பிறப்பாற் சீக்கியர். பிரம்ம சமாசக் கொள்கையில் ஈடுபாடு உடையவர். 1881-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் இலாகூரில் 'டிரிபியூன்' இதழைத் தொடங்கினார். பஞ்சாபு நேசனல் வங்கியை நிறுவியவருள் ஒருவராகி, அதன் முதல் தலைவராகவும் விளங்கினார். 1895-இல் எழுதிய உயிலில், ஒரு கல்லூரிக்கும் ஒரு நூலகத்திற்கும் தம் இதழுக்குமாகத் தம் சொத்தின் பெரும்பகுதியை ஒதுக்கினார். 1898-இல் மறைந்தார்.

உயில் எளிதில் நிறைவேறவில்லை. அவர் மனைவியார் வழக்குத் தொடுத்தார். தயாள் சிங் சட்டத்தின் பொருளில் இந்து அல்லர் என்பது அவர் தரப்பு வாதங்களுள் தலையாயது. சீக்கியராய்ப் பிறந்து, உணவிலும் ஒழுக்கத்திலும் பழைய கட்டுகளை விடுத்து, பிரம்ம சமாசத்தைச் சார்ந்த ஒருவர் எச்சமயத்தார்? இவ்வினா இலாகூர்த் தலைமை நீதிமன்றத்திலிருந்து இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1903-இல் கூறப்பெற்ற தீர்ப்பு, அவர் சட்டத்தின் நோக்கில் இந்துவாகவே இருந்தார் என்று கொண்டது. உயில் நிலைத்தது. இந்துச் சட்ட நூல்கள் இத்தீர்ப்பை இன்றும் எடுத்தாளும். ஆயினும் அவை அதன் அடியில் ஒரு நூலகத்தின் வாழ்வு தொங்கியதைக் கூறுவதில்லை. சமய வேறுபாடு கருதாத அறம் ஒன்று, அதனைச் செய்தவர் எச்சமயத்தார் என்ற வழக்கின் முடிவினாலேயே பிழைத்தது! வரலாற்றில் இத்தகைய முரண்கள் அரியவல்ல.

நூலகம் 1908-இலும் கல்லூரி 1910-இலும் தொடங்கின. நூலகம் பின்னர் நிசுபெத்து சாலையில் தனிக் கட்டடம் பெற்றது. அங்கே கட்டணமின்றி எவரும் சென்று படிக்கலாம் என்பதே அதன் சிறப்பு. கல்லூரியிற் சேர இயலாத வறியவர் சிலர்க்கு அந்நூலகமே கல்லூரியாயிற்று. அவருள் ஒருவரைப் பின்னர்க் காண்போம்.

அடுத்து, கங்காராம். இவர் 1851-இல் மங்தான்வாலா என்னும் சிற்றூரிற் பிறந்தார். உரூர்க்கிப் பொறியியற் கல்லூரியில் 1873-இல் தேறினார். இலாகூரில் பன்னிரண்டு ஆண்டுகள் நிருவாகப் பொறியாளராகப் பணியாற்றிய காலத்தில், அருங்காட்சியகம், அஞ்சல் தலைமை நிலையம், எய்ச்சிசன் கல்லூரி முதலிய கட்டடங்களின் பணியில் முன்னின்றார். இன்று இலாகூரின் மரபுச் சின்னங்கள் எனப் போற்றப்படுவனவற்றுள் பல இவர் கைப்பட்டவை. ஆயினும் இவர் அறத்திற்குச் செலவிட்ட பொருள் கட்டடத் தொழிலில் ஈட்டியதினும் நிலத்தில் ஈட்டியதே மிகுதி. மாண்ட்கோமரி மாவட்டத்தில் கால்வாய் நீர் ஏறாத மேட்டுநிலம் ஏறத்தாழ 50,000 ஏக்கரை அரசிடமிருந்து குத்தகைக்குப் பெற்றார். நீர்விசையால் மின்னாற்றல் ஆக்கி, அதனால் நீரை மேலேற்றிப் பாய்ச்சினார். இரெனாலா குருதில் 1925-இல் அமைந்த மின்நிலையம் இம்முயற்சியின் பயன். கங்காபூர் என்னும் தம் ஊருக்குப் புச்சியானா நிலையத்திலிருந்து குதிரைகள் இழுக்கும் வண்டித் தண்டவாளம் அமைத்தவரும் இவரே. பயன்படாது என்று பிறர் ஒதுக்கிய நிலத்தில் விளைந்த பொருளே மருத்துவமனையாயிற்று என்பதை அறிந்தால், இவர் வாழ்வின் இரு கூறுகளும் ஒன்றாகத் தோன்றும்.

1923-இல் இவர் தம் பெயரால் அறக்கட்டளை ஒன்றை அமைத்தார். மருத்துவமனையோடு கைம்பெண்டிர்க்கு இல்லமும் நடத்தினார். கைம்பெண் மறுமணத்திற்கென 1914-இலேயே ஒரு சங்கம் தோற்றுவித்திருந்தார். 1927 சூலையில் இலண்டனில் மறைந்தார். எரியூட்டிய சாம்பலின் ஒரு பகுதி கங்கையிற் கரைக்கப்பட்டது. எஞ்சியது இலாகூருக்கு வந்தது. அங்கு அவர் சமாதி உள்ளது.

மூன்றாவது நிலையம் ஒரு தாயின் பெயர் தாங்கியது. இலாலா இலசபதி இராயின் அன்னையார் குலாப் தேவி காசநோயால் இறந்தார். அவர் நினைவாகக் காசநோய் மருத்துவமனை ஒன்று அமைக்க 1927-இல் இலசபதி இராய் அறக்கட்டளை நிறுவினார். அடுத்த ஆண்டே, தடியடிக்குள்ளான சில கிழமைகளில், அவர் மறைந்தார். மருத்துவமனையை 1934 சூலையில் காந்தியடிகள் திறந்து வைத்தார்.

1947 வந்தது. அவ்வாண்டின் கொடுமைகளை ஈண்டு விரிக்கப் புகவில்லை. அறங்களை நடத்திய அறங்காவலர், ஆசிரியர், மருத்துவர் ஆகியோரிற் பெரும்பாலோர் எல்லை கடந்தனர். அவர்களோடு எவை சென்றன, எவை நின்றன என்பதே நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவது.

டிரிபியூன் இதழ் சென்றது. சிம்லாவில் அச்சாகி, 1948-இல் அம்பாலாவிற்கும் 1969-இல் சண்டிகருக்கும் பெயர்ந்தது. தயானந்த ஆங்கில வேதக் கல்லூரி அம்பாலாவிற்குச் சென்றது. அதன் இலாகூர்க் கட்டடத்தில் இசுலாமியாக் கல்லூரி அமைந்தது. சனாதன தருமக் கல்லூரியும் அம்பாலாவை அடைந்தது. அதன் பழைய கட்டடத்திற்கு அமிர்தசரசிலிருந்து எம்.ஏ.ஓ. கல்லூரி வந்து குடியேறிற்று. அம்பாலாவிலுள்ள இவ்விரு கல்லூரிகளும் தம் பெயரோடு 'இலாகூர்' என்பதனைப் பிறைக்கோட்டுள் இன்றும் எழுதுகின்றன. கல்வெட்டாராய்ச்சியாளர் ஓர் ஊர்ப்பெயரைக் கொண்டு குடிபெயர்ச்சியை உய்த்துணர்வர். அம்பாலாவின் பெயர்ப்பலகைகளைப் படிப்பதற்கும் அம்முறையே போதும்.

நின்றவை எவை? கங்காராம் மருத்துவமனை, குலாப் தேவி மருத்துவமனை, தயாள் சிங்கின் கல்லூரி, நூலகம். இந்நான்கும் தத்தம் பெயரோடேயே நின்றன. இவற்றுள் ஒவ்வொன்றிற்கும் எல்லைக்கு இப்பால் மறுபிறவியும் உண்டு. குலாப் தேவி பெயரால் சலந்தரில் ஒரு மருத்துவமனை உள்ளது. தயாள் சிங் பெயரால் 1949-இல் கர்னாலிலும் 1959-இல் தில்லியிலும் கல்லூரிகள் எழுந்தன. தில்லியில் நூலகமும் அமைந்தது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்னை? 'எடுத்துச் செல்லக்கூடியது சென்றது, இயலாதது நின்றது' என்று ஒருவர் கூறலாம். இவ்விளக்கம் ஓரளவு பொருந்தும். ஆசிரியரும் மாணவரும் பெயர்ந்தால் கல்லூரி பெயர்ந்ததாகும். நோயாளிகளை விட்டு மருத்துவமனை பெயர்தல் இயலாது. ஆனால் தயாள் சிங் கல்லூரியின் நிலைக்கு இவ்விளக்கம் போதாது. அதன் அறங்காவலரும் இந்தியாவிற்கு வந்தனர். அதே பெயரால் இங்குக் கல்லூரி நடத்தினர். அங்ஙனமாகவும் இலாகூர்க் கல்லூரி பெயர் மாறவில்லை. 1972-இல் பாக்கிசுத்தான் அரசு தனியார் கல்லூரிகளை ஏற்றபோதும் அது அரசு தயாள் சிங் கல்லூரியாகவே தொடர்ந்தது.

எம் கருத்து வேறு. ஒரு சமயத்தார் தம் பிள்ளைகளின் பொருட்டுத் தம் பெயரால் அமைத்தவை அச்சமயத்தாரோடு சென்றன. எல்லார்க்கும் என எழுதப்பட்டவை ஊரோடு நின்றன. கங்காராமின் அறங்களுக்குள்ளேயே இதற்குச் சான்று கிடைக்கின்றது. அவர் மருத்துவமனை நின்றது. இந்துக் கைம்பெண்டிர்க்கு அவர் அமைத்த இல்லம், பயன்கொள்வார் இன்றி இலாகூரில் மறைந்தது. கொடுத்தவர் ஒருவரே, நின்றதையும் மறைந்ததையும் பிரித்தது பெறுவார் யாவர் என்ற வரையறை. ஆகலின் கொடுப்பவரின் சமயத்தைக் காட்டிலும் பெறுபவரின் எல்லையே இங்கு முடிவு செய்தது எனல் பொருந்தும்.

இக்கருத்திற்கு மாறானவற்றையும் மறைத்தலாகாது. கங்காராமின் மைந்தர் பாலக்ராம் பெயரால் தொடங்கப்பெற்ற மருத்துவக் கல்லூரியின் இடத்தில், 1948-இல் பாத்திமா சின்னா மகளிர் மருத்துவக் கல்லூரி அமைந்தது. பாலக்ராம் பெயர் மறைந்தது. எனவே மருத்துவப்பணி மட்டும் பெயரைக் காத்துவிடும் என்று கொள்ளுதல் தவறாகும். தயாள் சிங் நூலகமோ பிரிவினைக்குப் பின் நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. 1960-இல் அமைந்த, பெயர்ந்தோர் அறச்சொத்துகளைப் பேணும் வாரியத்தின் பொறுப்பில் 1964-இல் தான் மீண்டும் திறக்கப்பட்டது. பொதுவான அறம் என்பதனால் கதவு தானே திறந்துவிடாது. திறக்க விரும்பியபோது அப்பெயராலேயே திறக்க முடிந்தது என்ற அளவிற்கே நம் கருத்து செல்லும்.

சிலைகளின் நிலையும் ஒப்பிடற்பாலது. இலாகூரிலிருந்த இலசபதி இராயின் சிலை 1948-இல் சிம்லாவிற்குக் கொண்டுசெல்லப்பட்டது. மகன் சிலை எல்லை கடந்தது; அன்னையின் பெயர் இலாகூரிலேயே நின்றது. கங்காராமுக்கும் மால் சாலையில் ஒரு சிலை இருந்தது. இன்று அங்கு இல்லை. இச்சிலையைப் பற்றிச் சாதத் அசன் மண்டோ 1948-இல் வெளியிட்ட 'சியா ஆசியே' என்னும் நூலில் சில வரிகளே கொண்ட கதை ஒன்றுண்டு. கலகக் கூட்டம் சிலையைத் தாக்குகின்றது; அதற்குச் செருப்பு மாலை இட முயன்றவன் காவலர் குண்டால் அடிபட்டு விழுகின்றான்; அவனை எடுத்துச் செல்லக் கூட்டத்தார் கூறும் இடமோ கங்காராம் மருத்துவமனை. நடந்த நிகழ்ச்சியாகவே இதனை எடுத்தாளும் கட்டுரைகள் பல. கதையை ஆவணமாகக் கொள்ளுதல் ஆராய்ச்சி முறைக்கு ஒவ்வாது. எனினும் 1948-இல் இலாகூர் மக்களின் வாயில் அம்மருத்துவமனைக்கு வேறு பெயர் இல்லை என்பதற்கு அக்கதை நல்ல சான்று. ஆசிரியன் புனைந்தது நிகழ்ச்சியை. வழக்குச் சொல்லை அன்று.

மக்கள் வழக்கு ஆணைக்கு எளிதிற் பணிவதில்லை. இலாகூரின் கிருட்டிணநகர் ஏடுகளில் இசுலாம்புரா ஆயிற்று. இலட்சுமி சதுக்கத்திற்கு மௌலானா சபர் அலிகானின் பெயர் சூட்டப்பட்டது. பழம்பெயர்கள் இன்னும் பேச்சில் வழங்குகின்றன. பெயர் மாற்றும் விருப்பம் எல்லைக்கு ஒரு புறத்தார்க்கே உரியதென எண்ணவும் வேண்டா. தில்லித் தயாள் சிங் மாலைக் கல்லூரிக்கு 'வந்தே மாதரம் மகாவித்தியாலயம்' என்று பெயரிட அதன் ஆட்சிக்குழு 2017 நவம்பரில் முடிவு செய்தது. எதிர்ப்பு எழுந்தது, நடுவணரசு அதனை நிறுத்தி வைத்தது. பாக்கிசுத்தானில் எழுபது ஆண்டு நிலைத்த ஒரு சீக்கியர் பெயர் தில்லியில் ஆட்டங்கண்டது என்பதை எழுதும்போது நமக்குச் சிறிது நாணமே உண்டாகின்றது.

இதுவரை கூறியவை பெருஞ்செல்வரின் அறங்கள். ஆவணமும் கட்டடமும் உடையவை. இவை இரண்டும் இல்லாத ஓர் அறமும் அந்நாளில் இலாகூரிலிருந்து புறப்பட்டது. இலாகூரின் தேரா சாகிபு குருத்துவாராவில் பூரண் சிங் என்பார் தொண்டு செய்து வந்தார். 1904-இல் உலூதியானாவைச் சார்ந்த இராசேவாலில் இந்துக் குடும்பத்திற் பிறந்து சீக்கியரானவர் இவர். 1934-இல் அக்குருத்துவாராவின் வாயிலில், கைகால் வழங்காத ஏறத்தாழ நான்கு வயதுச் சிறுவனை யாரோ விட்டுச் சென்றனர். பூரண் சிங் அவனுக்குப் பியாரா சிங் எனப் பெயரிட்டுத் தம் முதுகிற் சுமந்தே வளர்த்தார். 1947 ஆகத்து 18-ஆம் நாள் அவர் அமிர்தசரசுக் கால்சாக் கல்லூரியிலிருந்த அகதி முகாமை அடைந்தபோது, முதுகில் பியாரா சிங் இருந்தான். முகாமில் கவனிப்பாரின்றிக் கிடந்த நோயாளரையும் முடவரையும் பேணத் தொடங்கினார். அத்தொண்டே 'பிங்கல்வாரா' என்னும் நிலையமாக வளர்ந்து, 1957-இல் பதிவு பெற்றது. பிங்கல்வாரா என்பதற்கு முடவர் இல்லம் என்பது பொருள். 

பள்ளிக் கல்வியைத் தொடர இயலாத பூரண் சிங் இலாகூரில் கற்ற இடம் யாது? தயாள் சிங் நூலகமே. முன்னர் நாம் குறித்த வறிய மாணாக்கர் இவர்தாம். பிரிவி கவுன்சில் வரை சென்று பிழைத்த உயிலின் பயன், மனுதாரர் எவரும் எண்ணியிராத வழியில், எல்லை கடந்து அமிர்தசரசை அடைந்தது. அங்குப் பூரண் சிங் ஓர் அச்சகமும் அமைத்தார். மரங்களை வெட்டுதல், மண் அரிப்பு, நீர் மாசுறுதல் ஆகியவை குறித்து நூலகத்திலும் செய்தித்தாள்களிலும் தாம் படித்தவற்றைச் சிறு வெளியீடுகளாக அச்சிட்டார். ஒருபுறம் ஏற்கெனவே அச்சான கழிவுத்தாள்களின் மறுபுறத்தை அதற்குப் பயன்படுத்தினார். 1992-இல் மறையும் வரை, அவ்வெளியீடுகளைப் பொற்கோயிலுக்கு வருவோர்க்கு வாயிலருகே அமர்ந்து விலையின்றி வழங்கி வந்தார்.